பழைய சுண்ணாம்பு வீட்டை இடிக்காமல் சரிசெய்வது: முதலில் தண்ணீர், கடைசியில் பெயின்ட்

கும்பகோணம் பக்கத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை என்ன செய்யலாம் என்று மூன்று மேஸ்திரிகளைக் கூட்டிவந்து காட்டினேன். மூன்று பேரும் ரேழியைத் தாண்டுவதற்குள் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "இடிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம் சார்." ஒருவரும் மேலே ஏறி ஓட்டைப் பார்க்கவில்லை, சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. பல்லைப் பார்க்காமலே பிடுங்கச் சொல்லும் வைத்தியம் மாதிரி இருந்தது.

நான் மட்டும் என்ன யோக்கியம்? இடிக்க வேண்டாம் என்று முடிவுசெய்த கையோடு, கூடத்துச் சுவர் முழுக்க சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தேன். பார்க்கக் கல்யாண வீடு போல இருந்தது. இரண்டாவது ஐப்பசியில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பெயின்ட் அப்பளமாகப் பொரிந்து எழும்பிவிட்டது. அதை உரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அப்போது கற்றுக்கொண்ட வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஏன் இந்தச் சிரமம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. உங்கள் பழைய வீட்டுச் செங்கல்லை எப்போதோ சூளையில் சுட்டாகிவிட்டது, தேக்கை எப்போதோ வெட்டியாகிவிட்டது. இடித்தால் அவை லாரி லாரியாக ஏதாவது ஒரு குளத்தங்கரைக்குப் போகும். அதற்கு ஈடாகப் புதுச் செங்கல், புதுக் கம்பி, புது சிமெண்ட் எல்லாம் மறுபடி சூளையிலிருந்து வர வேண்டும்.

உங்கள் வீடு எந்த வகை?

இங்கே சொல்லப்போவது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் வீடுகளுக்கு. மேலே நாட்டு ஓடோ, மங்களூர் ஓடோ, மெட்ராஸ் டெரஸோ (மர விட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கெட்டித்த பழைய மொட்டை மாடி) இருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது. சுவர் ஒன்றேகால் அடி, ஒன்றரை அடி கனம் இருக்கும். செங்கல் இடுக்கில் வீட்டுச் சாவியால் சுரண்டினால் வெளுத்த பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் சாவியையே தேய்த்தால் சிமெண்ட். கம்பி போட்ட கான்கிரீட் தளம், தூண் உள்ள வீடுகளுக்கு வைத்தியம் வேறு. அவற்றுக்கு இதைப் பின்பற்ற வேண்டாம்.

படி 1: ஒரு மழைக்காலம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வீட்டில் இரண்டு நாள் தங்கினால் தெரிவது, சித்திரையில் நூறு முறை போய்ப் பார்த்தாலும் தெரியாது. ஒரு நோட்டு, டார்ச், ஸ்க்ரூ டிரைவர், தூக்குக் குண்டு இவை போதும். எங்கே சொட்டுகிறது, எந்தச் சுவரில் ஓதம் (மண்ணிலிருந்து ஏறும் ஈரம்) எவ்வளவு உயரம் ஏறுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது (அல்லது போகாமல் நிற்கிறது) என்று குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஓதக் கோட்டைப் பென்சிலால் வரைந்து தேதி போட்டு வையுங்கள்.

விரிசல் இருந்தால் பயப்படுவதற்கு முன் அது பழைய விரிசலா, இன்னும் நகர்கிற விரிசலா என்று பாருங்கள். விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் கெட்டியாக ஒட்டி, தேதி எழுதி விடுங்கள். சில மாதம் கழித்தும் கண்ணாடி அப்படியே இருந்தால் விரிசல் தூங்குகிறது. கண்ணாடி உடைந்திருந்தாலோ, சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ, தூக்குக் குண்டு விட்டுப் பார்க்கையில் சுவர் சாய்ந்திருந்தாலோ, அங்கே நம் கைவேலையை நிறுத்திவிட்டுப் பழைய கட்டடங்களில் வேலை பார்த்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். வேர் உள்ளே பத்துச் செங்கல்லைக் கட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் அவையும் சேர்ந்து வரும். அடியோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க வெட்டி, வேர் செத்த பிறகு அந்த இடத்தைப் பிரித்துக் கட்டுங்கள்.

படி 2: தண்ணீருக்கு வழி விடுங்கள்

பழைய வீடுகள் பள்ளத்தில் இருப்பதற்கு வீடு இறங்கியது காரணமல்ல. ரோடு மேல் ரோடு போட்டுத் தெரு ஏறிவிட்டது. பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவுறுத்தியது. அதற்கு முன் ஏறிய உயரம் ஏறியதுதான். எங்கள் திண்ணையில் ஏற ஒரு காலத்தில் மூன்று படி இருந்ததாம், இப்போது ஒன்றுதான் வெளியே தெரிகிறது.

வீட்டைச் சுற்றிக் குவிந்த மண்ணை முதலில் வெட்டி எடுங்கள். உள்தரையைவிட வெளி மண் அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரை ஒட்டிச் சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டிருந்தால் ஓர் அடி அகலத்துக்கு உடைத்துவிடுங்கள். மண்ணிலிருந்து ஆவியாக முடியாத ஈரம் சுவரைப் பிடித்துத்தான் மேலே ஏறும். அப்புறம் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, கொல்லைப் பக்கம் சரிவு வைத்து, ஜல்லி கொட்டி மூடுங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டிவிடாதீர்கள்.

ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தருகிறோம் என்று இப்போது ஆட்கள் வருகிறார்கள். சுவர்களைச் சுற்றிப் பிடிக்கும் கான்கிரீட் பெல்ட் இல்லாத சுண்ணாம்புச் சுவரில் அதைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை.

படி 3: கூரை

மங்களூர் ஓடு என்றால் பாதி வேலை பிரிப்பதும் கழுவுவதும்தான். 1860-களில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழில் இது. நூறு வருடத்து ஓடு இன்னும் நன்றாக இருப்பது சாதாரணம். ஓட்டை இறக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொன்றையும் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்றால் நல்ல ஓடு, 'டொக்' என்றால் உள்ளே கீறல். சுமார் 100 சதுர அடிக்கு 150 ஓடு பிடிக்கும், குறைகிறதைப் பழைய சாமான் கடையில் வாங்கலாம்.

வாங்கப் போகும்போது மறக்காமல் வீட்டு ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். ஓட்டின் முதுகில் தயாரித்த ஆலையின் முத்திரை இருக்கும். ஆலைக்கு ஆலை அச்சு வேறு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றோடொன்று கவ்வாது, அந்த இடுக்கில்தான் முதல் சொட்டு விழும். நான் முந்நூறு ஓட்டை அப்படி வாங்கி வந்து, கடைசியில் மாட்டுக் கொட்டகைக்குப் போட்டேன்.

மெட்ராஸ் டெரஸ் வேறு கதை. தேக்கு விட்டங்களுக்கு மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்கோட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கெட்டித்து, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்திருப்பார்கள். ஒழுகும்போதெல்லாம் இதன் தலையில் ஒரு சிமெண்ட் தளம் போடுவது வழக்கமாகிவிட்டது. மூன்று தலைமுறை ஒழுகலுக்கு மூன்று தளம் ஏறியிருக்கும், அத்தனை பாரத்தையும் கீழே அந்த விட்டம்தான் தாங்குகிறது. மேலே இன்னொன்று போடுவதற்குப் பதில், விட்டங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுக் கூடுதல் தளத்தைப் பக்குவமாகப் பெயர்த்து எடுங்கள். தட்டோட்டு இடுக்குகளைச் சுரண்டி, சுண்ணாம்பும் சலித்த செங்கல் பொடியும் கலந்து அடையுங்கள்.

நடுவில் யாராவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால் அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். நனைத்து, முகக்கவசம் போட்டு, ஆணியை விடுவித்து முழு ஷீட்டாக இறக்குங்கள்.

படி 4: மரம்

விட்டமோ கைமரமோ முதலில் கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான். நடுவில் தட்டிப் பார்த்து "இரும்பு மாதிரி இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். கால் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் நல்ல மரம். வெண்ணெயில் இறங்குவது போல் போனால் அந்த முனை போய்விட்டது. அதற்காக முழு விட்டத்தையும் தூக்கி எறிய வேண்டாம். முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, பழைய தேக்கில் ஒட்டுப் போட்டு, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கலாம். எவ்வளவு நீளம், எத்தனை போல்ட் என்பதை இன்ஜினியர் சொல்லட்டும்.

கரையானுக்கு நான் செய்தது: போராக்ஸும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து, பெயின்ட் இல்லாத காய்ந்த மரத்தில் இரண்டு மூன்று முறை தடவினேன். மழையில் இது கரைந்துவிடும், அதனால் உள்மரங்களுக்கு மட்டும். குழந்தைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கதவுகளின் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், உலர் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்துத் தூசியைக் கிளப்பாதீர்கள்.

மாற்றுக்கு மரம் வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பக்கம் போனால், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும் நிலையும் கடை கடையாக நிற்கும். போய் வந்தால் இரண்டு நாள் மனசு சரியாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், இப்படி இடிபட இருந்த வீடுகளை மரம் மரமாகப் பிரித்துக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். எந்த மூட்டு எப்படிச் சேர்கிறது என்று ஆசாரியோடு போய்ப் பார்க்க நல்ல இடம்.

படி 5: சுவர் மூச்சுவிடட்டும்

என் கூடத்துப் பெயின்ட் பொரிந்ததற்குக் காரணம் இதுதான். மண்ணின் ஈரம் சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்புக் காரையில் நுண்துளைகள் இருப்பதால் அந்த ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும். சிமெண்டும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது, கூடவே கொண்டுவந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, காரையைத் தள்ளி உதிர்க்கிறது. 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதிய டப்பாவை இதன்மேல் பூசுவது மூடியை இன்னும் இறுக்குவதுதான்.

எனவே ஓதம் ஏறிய கோட்டுக்கு ஓரடி மேல் வரை சிமெண்ட் பூச்சை மெதுவாக உளியால் பெயர்த்து எடுங்கள். செங்கல் இடுக்கை முக்கால் அங்குலம் சுரண்டி, காய்ந்த துடைப்பத்தால் உப்பைத் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். பிறகு சுவரைக் காய விடுங்கள், வாரக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில். எனக்கு தை முதல் ஆடி வரை ஆனது.

பூசுவதற்கு: சுட்ட சுண்ணாம்பை வாங்கி நீர்க்க வைக்க வேண்டும். தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பட்டுவிட்டால் நல்ல தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீர்த்த சுண்ணாம்பைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது பதினைந்து நாள் ஊற விடுங்கள். ஊற ஊற வெண்ணெய் மாதிரி வரும்.

ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல். ஓதம் அதிகமான இடத்தில் மணலில் ஒரு பங்குக்குப் பதில் செங்கல் பொடி. உடைத்த கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை இதில் விட்டுக் குழைப்பது நம் ஊர்ப் பழக்கம். வெல்லம் கூடினால் இறுகத் தாமதமாகும் என்பதால் அளவைத் தெரிந்த கொத்தனாரிடமே விட்டுவிடுங்கள். அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை. பழைய கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் விசாரித்துத்தான் எனக்கு ஓர் அறுபத்தெட்டு வயதுக்காரர் கிடைத்தார்.

சுவரை நனைத்துவிட்டு, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் முதல் பூச்சு. இறுகிய பிறகு அடுத்தது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல எடுத்துக்கொண்டு இறுகுகிறது. சூளையில் சுடும்போது சுண்ணாம்புக் கல்லைவிட்டுப் போன வாயுவில் பெரும்பகுதி இப்படித் திரும்பி வருகிறது, சூளை விறகின் புகைக் கணக்கு தனி. அவசரப்பட்டால் பூச்சில் வெடிப்பு விழும். மாசி, பங்குனி நல்ல காலம். வெயில் ஏறினால் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். அக்னி நட்சத்திரத்திலும் அடைமழையிலும் பூசவே வேண்டாம்.

படி 6: வயரும் குழாயும்

பழைய வயரிங்கை முழுக்க மாற்றிவிடுங்கள், எர்த்தும், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபியும் கட்டாயம். சுண்ணாம்புச் சுவரில் மெஷின் வைத்துக் காடி வெட்டாமல், மேலேயே பைப்போ கேசிங்கோ போட்டுக் கொண்டுபோங்கள். குளியலறையைக் கூடத்துக்குள் நுழைக்காமல் கொல்லைப் பக்கம் தனிச் சுவரில் கட்டுங்கள். அவ்வளவுதான்.

படி 7: தரை, வெள்ளை

சிவப்பு ஆக்ஸைடு தரையோ ஆத்தங்குடிக் கல்லோ இருந்தால், விட்ரிஃபைட் டைல்ஸை அதன்மேல் ஒட்டாதீர்கள். மூடிய தரையின் ஈரமும் சுவருக்குத்தான் போகும். நன்றாகத் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் பத்து நாளில் பளபளப்பு திரும்பும்.

சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான். இரண்டு மூன்று முறை நீர்க்க அடிக்க வேண்டும், முதல் நாள் பார்த்தால் ஒன்றுமே அடிக்காதது போல இருக்கும், காயக் காய வெளுக்கும். கையில் ஒட்டுகிறதே என்று வீட்டில் எல்லோரும் குறை சொன்னார்கள், இன்னும் சொல்கிறார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அடித்துவிடுகிறோம்.

அதைத் தவிர வருடத்துக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புரட்டாசிக் கடைசியில் ஏணி வைத்து ஏறி நகர்ந்த ஓட்டைத் தள்ளிவைத்து, தகரக் கால்வாயில் அடைத்த வேப்பிலையை அள்ளிவிட்டு இறங்கும்போது, நாலு வருடத்துக்கு முன் போட்ட அந்தப் பென்சில் கோட்டையும் பார்த்துவிடுகிறேன். போன கார்த்திகையில் ஓதம் அதற்கு இரண்டடி கீழே நின்றது.