கோழிக்குப் புழுப்புண்: கழுவிய பிறகு செய்ய வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூட்டுத் தரை காயாமல் கிடக்கும்போதுதான் நாட்டுக்கோழிகளுக்குப் புழுப்புண் அதிகம் வருகிறது. பச்சையும் நீலமுமாக மின்னும் பெரிய ஈக்கள், எச்சம் ஒட்டி நாறும் ஆசனவாய் இறகுகளிலும், சேவல் மிதித்துக் கிழிந்த முதுகிலும், கொத்துப்பட்ட புண்ணிலும் முட்டையிடுகின்றன. அந்த முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரித்துவிடுவதால், காலையில் நன்றாக இருந்த கோழி மறுநாள் மாலையில் எழ முடியாமல் போவதும் உண்டு.

கோழி தனியே ஒதுங்கி நின்றாலோ, வாலைத் தொங்கவிட்டாலோ, தன் பின்புறத்தையே திரும்பத் திரும்பக் கொத்தினாலோ உடனே பிடித்து, வாலைத் தூக்கி, வெளிச்சத்தில் இறகுகளை விலக்கிப் பாருங்கள். இறகின் அடியில் வெண்மஞ்சள் நிறத்தில் கொத்தாக ஒட்டியிருப்பவை ஈ முட்டைகள். ஈரமும் அழுகல் நாற்றமும் இருந்தால் புழு உள்ளே போய்விட்டது என்று பொருள்.

ஊசி நீக்கிய 10 மி.லி. சிரிஞ்சு, நுனி மழுங்கிய இடுக்கி, சிறு கத்தரிக்கோல், டார்ச், கையுறை, பொவிடோன் அயோடின் (புண்ணுக்கான கிருமிநாசினி), காஸ் துணி ஆகியவை போதும். பஞ்சை நான் பயன்படுத்துவதில்லை. அதன் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன.

கோழியை மற்றவற்றிடமிருந்து பிரித்து, புண்ணைச் சுற்றியுள்ள இறகுகளை வெட்டுங்கள். கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவி, தெரியும் புழுக்களை இடுக்கியால் எடுங்கள்.

பெரும்பாலானோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள்; கோழி பிழைப்பதும் சாவதும் இதற்குப் பிறகுதான் முடிவாகிறது. வெளியே மிளகளவு தெரியும் துளைக்குக் கீழே, தோலுக்கும் தசைக்கும் நடுவில், விரல் நுழையும் அளவுக்குப் பை போன்ற இடம் இருக்கக்கூடும். தண்ணீர் பட்டவுடன் புழுக்கள் அங்கே ஒளிந்துகொள்கின்றன. புழுவுக்கு மூச்சுத்துளைகள் பின்முனையில் இருப்பதால், துளையின் வாயைச் சுத்தமான தேங்காய் எண்ணெயால் மூடிச் சில நிமிடம் காத்திருந்தால், காற்றுக்காக அவை பின்முனையை மேலே நீட்டும். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கரும்புள்ளிகள் அசைவது தெரியும். அப்போது நசுங்காமல் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். பிறகு மீண்டும் கழுவி, இளம் தேநீர் நிறம் வருமாறு நீர்த்த அயோடினைச் செலுத்தி, ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

கண்ணில் படாத முட்டைகள் அடுத்த சில மணி நேரத்தில் பொரிக்கும் என்பதால், அன்று இரவும் மறுநாள் காலை, மதியம், மாலையும் இதே தேடலைச் செய்யுங்கள். புதுப்புழு எதுவும் வராமல் இரண்டு நாள் கடந்த பின்பே தினம் ஒருமுறை போதும். அதுவரை கோழி கொசுவலை போர்த்திய பஞ்சாரத்திற்குள், தினமும் மாற்றும் பழைய துணியின்மேல் இருக்கட்டும், வைக்கோல் வேண்டாம். தண்ணீரும் வேகவைத்த முட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். புண் ஆசனவாய்க்குள்ளோ வயிற்றுக்குள்ளோ போயிருந்தால், அல்லது கோழி நிற்கவே முடியாமல் தவித்தால், தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுங்கள். புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் போன்ற மருந்தை எடைக்கேற்ற அளவில் மருத்துவரே தர வேண்டும். முட்டையை எத்தனை நாள் உண்ணக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

தடுப்பதற்கு ஈயை விரட்டுவதைவிடப் பின்புறத்தைக் காயவைத்திருப்பதே முக்கியம். கழிச்சல் கண்டால் குடற்புழுவா, இரத்தக் கழிச்சலா, வெள்ளைக் கழிச்சலா என்று காரணத்தைக் கண்டுபிடித்துத் தீர்க்காமல் இறகை மட்டும் கழுவிப் பயனில்லை. நனைந்த உமியை அன்றே அள்ளிவிடுங்கள். செத்த எலியையும் மீன் கழிவையும் ஆழமாகப் புதையுங்கள், ஏனெனில் இந்த ஈக்கள் அவற்றில்தான் பெருகுகின்றன. சேவலின் முள் கூராக இருந்தால் நுனியை மழுக்குங்கள். அடைக்கோழியைத் தினமும் தூக்கிப் பாருங்கள். அது அசையாமல் உட்கார்ந்திருப்பது நமக்கு இயல்பாகத் தெரிவதால், அதன் புண்தான் கடைசியில் கண்ணில் படுகிறது.

பிற்சேர்க்கை: மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பென்டைனைக் கோழிக்கும் ஊற்றலாமா என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. அது மெல்லிய தோலை வேகவைத்துவிடும். இறகைக் கோதும்போது அலகு வழியாக உள்ளேயும் போகும். பினாயிலுக்கும் இதே பதில்தான். வேப்பெண்ணெயைப் புண்ணுக்குள் விடாமல், சுற்றியுள்ள இறகின்மேல் மட்டும் லேசாகத் தடவலாம்.