வீட்டைச் சுற்றி வாழும் ஆமைகளையும் ஓணான்களையும் கவனிப்பது எப்படி?

கிராமத்து வீட்டில் குடியிருப்பவர்கள் ஊர்வனவற்றைப் பார்க்கக் காடு தேடிப் போக வேண்டியதில்லை. வேலிக்கால், கிணற்றடி, விறகுக் குவியல், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டை அல்லது கண்மாய்க் கரை ஆகியவை போதும். அரிய உயிரினம் ஒன்றைத் தேடி அலைவதைவிட, நம் வேலியில் தினமும் உட்காரும் ஒரே ஓணானை ஒரு பருவம் முழுவதும் பார்ப்பவரே அதிகம் கற்றுக்கொள்வார் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள படிகள் தமிழகத்தின் வறண்ட சமவெளிக் கிராமங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

படி 1: நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஊர்வன தம் உடல் வெப்பத்துக்கு வெயிலை நம்பியிருப்பவை. ஆகையால் காலை வெயில் ஏறத் தொடங்கும்போது அவை திறந்த இடத்துக்கு வந்து குளிர்காயும். உச்சி வெயிலில் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். மாலையில் பலவும் மறுபடி வெளியே வரும். கோடையில் காலை 7 மணி முதல் 9 மணி வரையும், மார்கழிக் குளிரில் சற்றுத் தாமதித்தும் உட்காருங்கள். ஆமைகளுக்கு மட்டும் கணக்கு வேறு. மழை பெய்து ஓய்ந்த வேளையில்தான் அவை நிலத்தில் அதிகம் நடமாடும்.

படி 2: ஓரிடத்தில் உட்காருங்கள்

வேலியில் இருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி, வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி அமருங்கள். உங்கள் நிழல் வேலியின் மீதோ நீரின் மீதோ விழக் கூடாது. அடுத்த கால் மணி நேரம் அசையாமல் இருந்தால், நீங்கள் வந்தபோது ஓடி ஒளிந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால், 8 மடங்கு பெரிதாக்குவதும் இரண்டு மீட்டர் தொலைவில் உள்ளதையும் தெளிவாகக் காட்டுவதுமான ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். காலில் மூடிய செருப்போ பூட்ஸோ அவசியம். புற்று, வளை, கல் இடுக்கு எதிலும் கையை விடாதீர்கள்; ஓணான் ஒதுங்கும் அதே குவியலில் கண்ணாடி விரியனும் ஒதுங்கும்.

படி 3: ஓணானில் இருந்து தொடங்குங்கள்

பகலில், கண்ணுக்கு நேராக, பயந்தாலும் வெகுதூரம் போகாமல் இருப்பது ஓணான். கோடை தொடங்கி மழைக்காலம் வரையிலான இனப்பெருக்கப் பருவத்தில், ஆண் ஓணான் வேலிக் கல்லின் உச்சியைப் பிடித்துக்கொண்டு முன்னங்கால்களை ஊன்றி எழுந்து தாழும். அந்நேரம் அதன் தலையும் தோளும் செம்மஞ்சளாகவோ இரத்தச் சிவப்பாகவோ மாறுவதையும், தொண்டையின் இருபுறமும் கரிய திட்டு படர்வதையும், இன்னோர் ஆண் பின்வாங்கிப் போனதும் சில நிமிடங்களில் அந்தச் சிவப்பு வடிவதையும் பாருங்கள். இந்த நிறமாற்றத்தை வைத்துத்தான் பலர் ஓணானைப் பச்சோந்தி என்று சொல்லிவிடுகிறார்கள். பச்சோந்திக்கு வால் சுருண்டிருக்கும். விரல்கள் இரு கொத்துகளாகப் பிரிந்து கிளையைக் கவ்வும். இரு கண்களும் தனித்தனியே சுழலும்.

பெண் ஓணான் இளகிய மண்ணில் குழி பறித்து, பெரும்பாலும் பத்து முதல் இருபது முட்டைகள் இட்டு, மண்ணை மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் ஏறக்குறைய ஆறு, ஏழு வாரங்களில் வெளிவரும். அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வையுங்கள், தோண்டிப் பார்க்காதீர்கள். ஓணான் இரத்தத்தை உறிஞ்சும் என்று நம்பிச் சிறுவர்கள் அதைக் கல்லால் அடிப்பது இன்றும் நடக்கிறது. அந்தச் சிறுவர்களையே பக்கத்தில் உட்காரவைத்து இதைக் காட்டுங்கள்.

படி 4: அரணை, பல்லி, உடும்பு

சருகுக்குள் சரசரப்புக் கேட்டு, வெண்கல நிறத்தில் வழுவழுப்பாக ஏதோ மின்னி மறைந்தால் அது அரணை. அரணை கடித்தால் மரணம் என்ற சொலவடை முழுப் பொய். அதற்கு நஞ்சே கிடையாது. பல்லியைப் பார்க்கத் திண்ணை விளக்கு போதும். சன்னல் கண்ணாடியின் மறுபக்கம் ஒட்டியிருக்கும் பெண் பல்லியின் வயிற்றைக் கவனித்தால், மெல்லிய தோலின் ஊடே இரண்டு வெள்ளை முட்டைகள் தெரிவதுண்டு. உடும்பைத் தொலைவில் இருந்தே பாருங்கள். பிளந்த நாக்கை நீட்டி நீட்டிக் காற்றில் உள்ள மணத்தை அது அறிந்துகொள்வதே பார்க்கத் தக்க காட்சி.

படி 5: குட்டையில் ஆமையைத் தேடுங்கள்

கலங்கிய நீரில் முழு ஆமை தெரியாது. நீர்ப்பரப்பில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மூக்கு மட்டும் எழும்பி, மூச்சு வாங்கி, வளையம் விடாமல் அமிழும். அது பாலாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் ஓட்டின் மேல் தோல் போர்த்தியிருக்கும்; பின்னங்கால்களை உள்ளிழுத்ததும் அடியோட்டில் உள்ள மடிப்புகள் கதவு போல மூடிக்கொள்ளும். ஓடு கெட்டியாக, கறுத்து, முதுகில் மூன்று முகடுகளோடு கரையில் வெயில் காய்ந்தால் அது வேறு இனம். புதர்க் காட்டில் மழைக்குப் பின் புல் மேய்வது நட்சத்திர ஆமை. கரையில் தடதடவென்று நடந்தால் அந்த அதிர்விலேயே நீராமைகள் மூழ்கிவிடும் என்பதால் மெல்ல அடி வையுங்கள்.

குட்டை வற்றியதும் பாலாமை செத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். அந்த நாட்களில் வண்டல் அள்ளும்போது மண்வெட்டியைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அடித்து விரட்டுவதும், தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று பிடித்துக் கிணற்றில் விடுவதும் ஒரே அளவு தீங்கானவை. உறை இறக்கிய கிணற்றில் இருந்து அதனால் ஏறி வர முடியாது. சாலையைக் கடக்கும் ஆமைக்கு வண்டியால் ஆபத்து என்றால் மட்டும், ஓட்டின் பின்பகுதியை இரு கைகளாலும் பிடித்து, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே மறுபக்கம் விட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாலாமையின் கழுத்து நீளமானது, திரும்பிக் கடிக்கும்.

படி 6: எழுதி வையுங்கள்

தேதி, நேரம், வெயிலா மேகமா, இடம், விலங்கு செய்தது என்ன என்ற ஐந்தும் போதும். “ஜூன் 4, காலை 8.10, நல்ல வெயில், வடக்கு வேலி மூன்றாம் கல், ஆண் ஓணான், தொண்டை சிவப்பு, கட்டெறும்பைத் தின்றது” என்பது முழுமையான குறிப்பு. படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் இனத்தை அடையாளம் காண மற்றவர்கள் உதவுவார்கள். ஆனால் நட்சத்திர ஆமை, பாலாமை, உடும்பு ஆகியவற்றின் படத்தை ஏற்றும்போது, இருப்பிடத்தை மறைக்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் ஊர்ப் பெயரோடு பகிரவே பகிராதீர்கள். நட்சத்திர ஆமையைச் செல்லப்பிராணியாக விற்கவும், மற்ற இரண்டையும் இறைச்சிக்காகவும் பிடிப்பவர்கள் உண்டு. இம்மூன்றும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். யாரேனும் பிடித்து வைத்திருப்பது தெரிந்தால், உங்கள் பகுதியின் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.