ஐ.நா. பொதுச்செயலாளர் நாற்காலியில் உட்காருவது எப்படி, உட்கார்ந்த பிறகு தாக்குப்பிடிப்பது எப்படி

2027 ஜனவரி 1 அன்று நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் 38வது மாடிக்கு ஒரு புதியவர் குடிவரப் போகிறார். அவர் இதைப் படிக்கப் போவதில்லை, தெரியும். ஆனால் எந்தப் போர் வந்தாலும் "இந்த ஐ.நா. என்னதான் செய்கிறது" என்று திட்டுகிற நாம் எல்லோரும் ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் நல்லது என்று தோன்றியது, அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடுங்கள். ஐ.நா. சாசனத்தின் 97வது பிரிவு உங்களைத் தலைமை நிர்வாக அதிகாரி என்கிறது, அவ்வளவுதான். சொந்தமாக ராணுவம் கிடையாது, வரி போட முடியாது, 193 முதலாளிகள். 1953-ல் முதல் பொதுச்செயலாளர் திரிக்வே லீ, தனக்கு அடுத்து வந்த டாக் ஹாமர்ஷோல்டை விமான நிலையத்தில் வரவேற்கும்போதே, உலகத்தில் யாராலும் செய்ய முடியாத வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்கிற அர்த்தத்தில்தான் சொன்னார்.

இடத்தைப் பிடிக்க ஊரே உங்களை விரும்ப வேண்டும் என்று இல்லை. பாதுகாப்புச் சபையில் தனியாக நின்றே எதையும் தடுக்கிற வீட்டோ அதிகாரம் உள்ள ஐந்து நாடுகள் வெறுக்காமல் இருந்தால் போதும். 1996-ல் அப்போதைய பொதுச்செயலாளர் பூட்ரோஸ் காலியின் இரண்டாவது பதவிக்காலத்துக்குப் பாதுகாப்புச் சபையின் 15 பேரில் 14 பேர் சரி என்றார்கள், அமெரிக்கா மட்டும் வேண்டாம் என்றது, கதை முடிந்தது. 2016-ல் இந்தப் பதவிக்குப் போட்டியிட்ட குட்டெரெஸுக்கு எதிராகக் கடைசிச் சுற்றில் ஒரு ஓட்டுகூட விழவில்லை, 13 ஆதரவு, 2 கருத்தில்லை. ஆகவே பேட்டிகளில் ரொம்பப் புத்திசாலித்தனம் காட்டாதீர்கள்.

ஜெயித்து உள்ளே போனால் முக்கிய நாற்காலிகளில் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருப்பார்கள். மனிதாபிமான உதவித் துறை 2007 முதல் பிரிட்டன்காரரிடம், அமைதிப்படைத் துறை 1997 முதல் பிரெஞ்சுக்காரரிடம், யுனிசெஃப் தொடங்கிய நாளிலிருந்தே அமெரிக்கரிடம். எல்லாத் துண்டையும் ஒரே நாளில் தூக்கி எறிய முடியாது. ஒன்றிரண்டைத் தூக்கலாம், அதையும் முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள். அப்புறம் தைரியம் வராது.

இனி உண்மையான வேலை. உங்களை மதிக்கவே தேவையில்லாத ஒருவரிடம் காரியம் சாதிப்பது எப்படி? இதற்கு 1955 ஜனவரிதான் பாடம். கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானப்படையினர் 11 பேரைச் சீனா உளவாளிகள் என்று சொல்லிச் சிறையில் வைத்திருந்தது. பொதுச்சபை சீனாவைக் கண்டித்துத் தீர்மானம் போட்டு, போய் மீட்டு வா என்று ஹாமர்ஷோல்டிடம் சொல்லிவிட்டது. மக்கள் சீனாவுக்கோ அப்போது ஐ.நா.வில் இடமே கிடையாது. தன்னை உள்ளே விடாத வீட்டார் போட்ட கண்டனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவனுக்கு எவன் கதவைத் திறப்பான்? அதனால் அவர் தீர்மானத்தை ஓரமாக வைத்துவிட்டு, சாசனப்படி எனக்கென்று ஒரு கடமை இருக்கிறது, அந்த முறையில் பேச வருகிறேன் என்று பெய்ஜிங் போனார். சீனப் பிரதமர் சூ என்லாயுடன் நாள்கணக்கில் பேச்சு. திரும்பும்போது வெறுங்கை, ஊரில் ஏச்சு. ஆகஸ்டு தொடக்கத்தில் அந்த 11 பேரும் விடுதலை, அதுவும் எப்படி, ஹாமர்ஷோல்டின் 50வது பிறந்தநாளை ஒட்டி! கண்டனத்துக்குப் பணிந்ததாகச் சீனா காட்டிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. இறங்கி வருகிறவருக்கு ஏணி போட்டுக் கொடுங்கள், ஆனால் ஏணி உங்களுடையது என்று எழுதி வைக்காதீர்கள்.

இதே வித்தை 2022 ஜூலை 22 அன்று இஸ்தான்புலில் நடந்தது. உக்ரைன் தானியத்தைக் கருங்கடல் வழியாக வெளியே கொண்டுவர வேண்டும், ஆனால் ரஷ்யாவும் உக்ரைனும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகளை வைத்துக் கல்யாணம் நடத்தியவர்களுக்கு இது புதிதல்ல. துருக்கியும் ஐ.நா.வும் நடுவில் நிற்க, ரஷ்யாவுக்குத் தனிக் காகிதம், உக்ரைனுக்குத் தனிக் காகிதம். மறுநாளே உக்ரைனின் ஒடேசா துறைமுகத்தில் ஏவுகணை விழுந்தது. அப்போது கோபத்தில் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டிருந்தால் ஒரு மூட்டைகூடப் போயிருக்காது. பொறுத்துக்கொண்டதால் அடுத்த ஒரு வருடத்தில், 2023 ஜூலையில் ரஷ்யா விலகும் வரைக்கும், கிட்டத்தட்ட 3.3 கோடி டன் தானியம் கப்பலேறியது.

பணம். வழக்கமான பட்ஜெட்டில் 22 சதவீதம் அமெரிக்கா தர வேண்டியது, பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். கொடுமை என்னவென்றால், வருடக் கடைசியில் செலவாகாத தொகையை உறுப்பு நாடுகளின் கணக்கிலேயே வரவு வைக்க வேண்டும் என்று ஒரு விதி, அதாவது பணம் கைக்கு வராததால் செலவழிக்காமல் விட்டதையும் சேர்த்து! 2023 கடைசியில் ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மாளிகையைச் செலவு மிச்சம் பிடிக்க மூன்று வாரம் போலப் பூட்டிப் போட்டார்கள். ஆகவே பதவிக்கு வந்த உடனேயே அந்த விதியோடு மல்லுக்கட்டுங்கள், பேச்சுவார்த்தை மேசையில் பெயர் வாங்குவதைவிட அலுப்பான வேலைதான்.

பணம் வைத்து மிரட்டுவார்கள். 2016-ல் யேமனில் குழந்தைகளைக் கொன்றவர்கள் பட்டியலில் இருந்த சவூதி கூட்டணியின் பெயரை அப்போதைய பொதுச்செயலாளர் பான் கி மூன் எடுத்தார், எடுத்த சில நாளில் பத்திரிகையாளர் முன் வந்து, நாடுகள் பல ஐ.நா. திட்டங்களுக்கான நிதியை நிறுத்தினால் வேறு இடங்களில் லட்சக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்படுவார்கள் என்பதால் எடுத்தேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. ஆனால் வளைய வேண்டி வந்தால், யார் வளைத்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும்படி வளைவதே மேல்.

கடைசியாக, எப்போது சத்தம் போடுவது? நமக்கு இது வெறும் பாடமில்லை. 2008 செப்டம்பரில் கிளிநொச்சியிலிருந்து ஐ.நா. ஊழியர்கள் கிளம்பியபோது, போகாதீர்கள் என்று மக்கள் அலுவலக வாசலில் திரண்டு கெஞ்சினார்கள். பிறகு நடந்தது தெரியும். 2012 நவம்பரில் வெளியான ஐ.நா.வின் சொந்த உள் ஆய்வறிக்கையே, செத்தவர்களின் கணக்கு கையில் இருந்தும் அதை வெளியே சொல்லத் தயங்கினார்கள் என்று எழுதியது. இலங்கை அரசு கோபித்துக்கொண்டால் உதவிப் பொருள் லாரி போகாது என்ற பயம். அந்தப் பயம் பொய்யில்லை, ஆனால் அதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் கடைசியில் லாரியும் போகாது, வார்த்தையும் வராது. அதனால் உங்கள் மேசைக்குக் கெட்ட செய்தி வடிகட்டாமல் வரட்டும் என்று முதல் நாளே உத்தரவு போடுங்கள், கொண்டு வந்தவரை மறுவாரமே இடம் மாற்றாதீர்கள்.

சாசனத்தின் 99வது பிரிவு உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. உலக அமைதிக்கு ஆபத்து என்று தோன்றும் எதையும் யாரையும் கேட்காமல் பாதுகாப்புச் சபை முன் நீங்கள் வைக்கலாம். காஸாவுக்காக 2023 டிசம்பர் 6 அன்று குட்டெரெஸ் அதை எடுத்தார். இரண்டே நாளில் போர்நிறுத்தத் தீர்மானம் ஓட்டெடுப்புக்கு வந்தது, 13 நாடுகள் ஆதரவு, பிரிட்டன் ஒதுங்கிக்கொண்டது, அமெரிக்கப் பிரதிநிதி ஒருவர் மட்டும் கேமராக்கள் பார்க்கக் கையைத் தூக்கித் தோற்கடித்தார். முள்ளிவாய்க்காலுக்கு அப்படி யாரும் கையைத் தூக்க வேண்டிய நிலைமையே வரவில்லை.