அகச்சிவப்பில் விண்வெளிக் கரிமச் சேர்மம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்கல் தூளின் அகச்சிவப்பு நிறமாலையைப் போன வாரம் எங்கள் சென்னை ஆய்வகத்தில் பதிவு செய்த மாணவி ஒருவர், அலை எண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 2925, 2855 ஆகிய இடங்களில் விழுந்திருந்த, ஒளி உறிஞ்சப்பட்ட பட்டைகளைக் காட்டி, "மேடம், ஆர்கானிக் கிடைத்துவிட்டது" என்றார்; கரிமச் சேர்மம் என்ற பொருளில். மாணவப் பருவத்தில் அதே பட்டைகளைக் கண்டு அதே முடிவுக்கு வந்தவள் நான்.

பிளாங்க் எடுக்காமல் விடுதல்

பிளாங்க் என்பது மாதிரியைச் சேர்க்காமல், மற்ற எல்லாவற்றையும் அதேபோல் செய்து எடுக்கும் நிறமாலை. மாணவி காட்டிய பட்டைகள் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் நீட்சியால் வருபவை. மைக்ரானில் சொன்னால் 3.42, 3.50. விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசியின் 3.4 மைக்ரான் பட்டையும் அங்கேதான் விழுகிறது. ஆனால் விரலில் ஒட்டிய எண்ணெய்ப் பசை, வெற்றிடப் பம்பின் எண்ணெய், தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் ஆகிய எல்லாவற்றிலும் இதே பிணைப்பு உண்டு. மாணவப் பருவத்தில் நான் ஆறு வாரம் கணக்குப் போட்ட பிறகே, தூளோடு கலந்து அரைக்கும் உப்பான பொட்டாசியம் புரோமைடை மட்டும், விண்கல் சேர்க்காமல், அதே அகேட் கல்வத்தில் அரைத்துப் பெல்லட் (அழுத்திய வில்லை) போட்டுப் பார்த்தேன். பட்டைகள் அப்படியே இருந்தன. 1745-க்கு அருகில் கொழுப்பு எஸ்டரின் சிறு பட்டையும் இருந்தது. விண்கல் நிறமாலையிலும் இருந்த அதை இரைச்சல் என்று ஒதுக்கியிருந்தேன். அதற்குள் கையிலிருந்த விண்கல் தூள் முழுவதும் தீர்ந்துவிட்டது. சில நிமிட வேலையை விட்டதற்கு அந்தத் தூளைக் கொடுத்தேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

தொலைநோக்கியில் பார்ப்பவர்களுக்கு இடையிலுள்ள காற்றே மாசு. வில்லியம் சிண்டன் 1957, 1959 ஆண்டுகளில், செவ்வாயின் நிறமாலையில் 3.4 முதல் 3.7 மைக்ரான் வரை கண்ட பட்டைகளைத் தாவரங்களுக்குச் சான்றாக முன்வைத்தார். அவற்றுள் இரண்டு பூமியின் வளிமண்டலத்திலுள்ள, டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) கலந்த நீராவியால் வந்தவை என்று 1965-இல் வெளியான கட்டுரை காட்டியது. அதை எழுதியவர்களுள் சிண்டனும் ஒருவர்.

எங்கள் மாணவி அன்று மாலையே பிளாங்க் எடுத்தார். 2925-இல் பட்டை இருந்தது.

ஈரம்

ஐப்பசி மழையில் திறந்து கிடந்த பொட்டாசியம் புரோமைடு, அலை எண் 3400, 1630 இரண்டிலும் தண்ணீரைத்தான் காட்டும்.

பட்டைக்கு ஒரு மூலக்கூறு என்று எண்ணுதல்

3.3, 6.2, 7.7, 8.6, 11.3 மைக்ரான் பட்டைகள் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் (கார்பன் வளையங்கள் பல ஒட்டிய மூலக்கூறுகள்) என்ற குடும்பத்தைக் காட்டுமே தவிர, அதில் எந்த மூலக்கூறு என்பதைக் காட்டுவதில்லை.

9.7 மைக்ரானில் மெத்தனால் தேடுதல்

மெத்தனாலின் அந்தப் பட்டையை, தூசியிலுள்ள சிலிக்கேட் கனிமத்தின் பட்டை மறைத்துவிடும். 3.53 மைக்ரானைப் பாருங்கள்.

அறை வெப்பநிலை நிறமாலையோடு ஒப்பிடுதல்

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காணும் பனி, பல இடங்களில் 10 கெல்வினை ஒட்டிய குளிரில் நீரோடு கலந்து உறைந்தது. அந்தக் கலவையில் பட்டையின் இடமும் அகலமும் மாறுவதால், எடுத்துக்காட்டாக, அறை வெப்பநிலையில் எடுத்த சாதாரண எத்தனாலின் நிறமாலையை அதன்மேல் வைத்துப் பொருத்தக் கூடாது. அதே கலவையை அதே குளிரில் உறையவைத்து எடுத்த நிறமாலை வேண்டும்.