தந்திர ஃபவுலுக்குக் கிடைத்த தண்டனை போதுமா என்று கணக்கிடுவது எப்படி

2021 ஜூலை 11 அன்று வெம்பிளியில் நடந்த ஐரோப்பிய கால்பந்துக் கோப்பையான யூரோவின் இறுதி ஆட்டத்தில், இழப்பீட்டு நேரமும் முடியப்போகும் வேளையில், தன்னைத் தாண்டி ஓடத் தொடங்கிய இங்கிலாந்தின் புகாயோ சாகாவை இத்தாலியின் ஜார்ஜியோ கியெல்லினி சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வீழ்த்தினார். நடுவர் பியோர்ன் கைப்பர்ஸ் எச்சரிக்கையான மஞ்சள் அட்டையைக் காட்டினார். 1-1 என்ற நிலையில் ஆட்டம் கூடுதல் முப்பது நிமிடங்களுக்கும், பிறகு பெனால்டிகளுக்கும் சென்று, இத்தாலி 3-2 என வென்றது. எதிரணியின் தாக்குதலை முறிக்க வேண்டுமென்றே செய்யும் இத்தகைய தந்திர ஃபவுலைக் கண்டதும் ஒருவர் அநியாயம் என்பார், மற்றொருவர் அனுபவசாலியின் சாமர்த்தியம் என்பார். இரண்டுமே தீர்ப்புகள் ஆகா. பறிக்கப்பட்டது எவ்வளவு, திருப்பித் தரப்பட்டது எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் தண்டனையைப் பற்றிப் பேச முடியாது.

முதலில், காணொளியை ஃபவுல் நடப்பதற்கு ஒரு நொடி முன்பாக நிறுத்துங்கள். வீரர் விழுந்த விதமும் அவருடைய வேதனையும் கண்ணை ஈர்க்கும். ஆனால் தேவையான செய்தி அதற்கு முந்தைய காட்சியில்தான் இருக்கிறது. ஆட்ட விதிகளின் 12ஆம் விதி நடுவரை நான்கைக் கவனிக்கச் சொல்கிறது: கோலுக்கு உள்ள தூரம், ஆட்டம் நகரும் திசை, பந்து அந்த வீரரின் கட்டுப்பாட்டில் இருக்கும் அல்லது வந்து சேரும் வாய்ப்பு, தடுப்பாட்டக்காரர்களின் எண்ணிக்கையும் அவர்கள் நிற்கும் இடமும். இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது தெளிவான கோல் வாய்ப்பு பறிபோயிருந்தால் வீரரை வெளியேற்றும் சிவப்பு அட்டை; நம்பிக்கை தரும் தாக்குதல் மட்டும் தடைப்பட்டிருந்தால் மஞ்சள் அட்டை. சாகா பக்கக்கோட்டை ஒட்டி, கோலுக்கு வெகுதூரத்தில் இருந்தார். ஆகவே கைப்பர்ஸ் விதியை மீறவில்லை. குறை விதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், அடுத்த கேள்விக்குச் செல்ல வேண்டும்.

தடுத்தவர் பந்தை எடுக்க முயன்றாரா? அவருடைய பார்வையும் காலும் எங்கே சென்றன, கை எதைப் பற்றியது என்று பாருங்கள். இந்த வேறுபாட்டின் முக்கியத்துவத்தை விதியே ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2016 முதல், கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதிக்குள் பந்தை எடுக்க முயன்று தவறியதால் தெளிவான கோல் வாய்ப்பு பறிபோனால், பெனால்டியுடன் மஞ்சள் அட்டையே போதும். இழுத்தலும் பிடித்தலும் தள்ளுதலும் இன்னமும் சிவப்பு அட்டைக்குரியவை. ஆனால் நம்பிக்கை தரும் தாக்குதலை மைதானத்தின் நடுவில் தடுக்கும்போது இந்த வேறுபாடு காணாமல் போகிறது. பந்துக்காகக் கால் நீட்டி அரைநொடி தாமதித்தவருக்கும், பந்தைப் பற்றிய எண்ணமே இல்லாமல் சட்டையைப் பிடித்தவருக்கும் ஒரே மஞ்சள் அட்டைதான். தவறியவரையும் திட்டமிட்டவரையும் ஒரே தட்டில் வைக்கும் இந்த இடத்தில்தான் விதி பெரிதும் பிழைபட்டிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவதாக, தண்டனையின் சுமை யார் மீது, எப்போது விழுகிறது என்று கேளுங்கள். தாக்குதல் அணிக்கு உடனடியாகக் கிடைப்பது ஒரு ஃப்ரீ கிக். ஆனால் அது எடுக்கப்படும் முன்பே தடுப்பு அணியினர் அனைவரும் தங்கள் இடங்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள். தாக்குதல் அணிக்கு முன்னால் இருந்த திறந்தவெளிதான் உண்மையான சொத்து. ஃப்ரீ கிக் அதைத் திருப்பித் தருவதில்லை. மஞ்சள் அட்டையோ பெரும்பாலும் எதிர்காலத்துக்கு எழுதிய கடன் சீட்டு. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் முதல் 19 ஆட்டங்களுக்குள் ஐந்து மஞ்சள் அட்டை பெற்றவர் ஓர் ஆட்டம் விளையாட முடியாது. அவர் இல்லாததால் பயனடைவது, பாதிக்கப்பட்ட அணி அன்றி, அடுத்து வரும் வேறோர் அணி. இறுதி ஆட்டமென்றால் அந்தக் கடனும் வசூலாகாது.

நான்காவது, கடிகாரம். 2020 ஜனவரி 12 அன்று ஜெட்டாவில் நடந்த ஸ்பானிய சூப்பர் கோப்பை இறுதி ஆட்டம் 0-0 என நீண்டு 115ஆவது நிமிடத்தை எட்டியபோது, கோலை நோக்கித் தனியே ஓடிய அட்லெடிகோ மாட்ரிட்டின் அல்வாரோ மொராட்டாவை ரியல் மாட்ரிட்டின் ஃபெடெரிகோ வால்வெர்டே பின்னாலிருந்து வீழ்த்தினார். சிவப்பு அட்டை கிடைத்தது. அது விதிக்கும் மிகக் கடுமையான தண்டனை. ஆயினும் அதன் விலை ஏறக்குறைய ஐந்து நிமிடங்கள் பத்துப் பேருடன் ஆடுவது மட்டுமே. ரியல் மாட்ரிட் பெனால்டிகளில் 4-1 என வென்றது. ஆட்ட நாயகன் விருது வால்வெர்டேக்கே போனது. அட்டையின் நிறத்தை மட்டும் பார்த்துத் தண்டனையின் கடுமையை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிற ஆட்டங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஹாக்கியில் பச்சை அட்டை பெற்றவர் இரண்டு நிமிடமும், மஞ்சள் அட்டை பெற்றவர் குறைந்தது ஐந்து நிமிடமும் வெளியே அமர, அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். தடுப்பாட்டக்காரர் தம் 23 மீட்டர் பகுதிக்குள் வேண்டுமென்றே தவறு செய்தால், அது கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்கு வெளியே நடந்திருந்தாலும் எதிரணிக்கு பெனால்டி கார்னர் என்ற கோல் வாய்ப்பு கிடைக்கும். அணிக்கு ஐவர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்தான ஃபுட்சாலில் அணியின் ஃபவுல்கள் ஒன்றாக எண்ணப்பட்டு, ஒரு பாதியில் ஆறாவதிலிருந்து, தடுப்பு அணியினர் குறுக்கே சுவராக நிற்க முடியாத நேரடி உதை தரப்படுகிறது. ஆளுக்கு ஒன்றாக ஃபவுலைப் பங்கிட்டுக்கொள்ளும் தந்திரம் அங்கே செல்லாது.

இனி உங்கள் முடிவை வகுக்கலாம். என் முடிவு இது: பந்தை எடுக்க முயலாமல் நம்பிக்கை தரும் தாக்குதலைத் தடுத்தவர் மஞ்சள் அட்டையோடு பத்து நிமிடம் வெளியேற வேண்டும். அதற்கு நேரடிச் சிவப்பு அட்டை கூடாது. பத்தாவது நிமிடத்தில் நடுமைதானத்தில் சட்டையை இழுத்ததற்காக எண்பது நிமிடம் ஓர் ஆளை இழப்பது மறுபக்கம் சாய்ந்த தராசாகிவிடும். விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி 2023 நவம்பரில் இத்தகைய தற்காலிக வெளியேற்றத்தைச் சோதித்துப் பார்க்க ஆதரவு தெரிவித்தது. 2024இல் நீல அட்டை என்ற பெயரில் பேச்சு பரவியபோது ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ அதை வெளிப்படையாக எதிர்த்தார்.

எதிர்வாதங்களையும் நேர்மையாக எடைபோட வேண்டும். நோக்கத்தை நடுவர் எப்படி அறிவார் என்பது ஒன்று. பந்தை எடுக்க முயன்றாரா என்ற கேள்விக்கு பெனால்டி பகுதிக்குள் நடுவர்கள் ஏற்கெனவே விடை சொல்லி வருகிறார்கள். அதே கண்ணை நடுமைதானத்துக்கும் கொண்டுவந்தால் போதும். ஆள் குறைந்த அணி பத்து நிமிடமும் நேரத்தைக் கடத்தும் என்பது இன்னும் வலுவான வாதம். வெளியேறிய வீரரின் பத்து நிமிடத்தை ஆட்டம் நிற்கும்போதெல்லாம் நிறுத்தி, உண்மையான ஆட்டநேரமாகவே கணக்கிடுவது அதற்குத் தக்க வழி.

இறுதியாக, உங்கள் விதியை அதே இரண்டு காட்சிகளில் பொருத்திப் பாருங்கள். வால்வெர்டேக்குப் பத்து நிமிட விதியால் பயனில்லை, சிவப்பு அட்டையே போதவில்லை. பந்தை எடுக்க முயலாமல் தெளிவான கோல் வாய்ப்பைப் பறித்தால், எந்த இடத்தில் நடந்தாலும் பெனால்டி தருவதே அங்கே இழப்பை ஈடுசெய்யும். கியெல்லினியின் காட்சியில் கணக்கு வேறு. ஆட்டம் 1-1 என முடியவிருந்த அந்த நேரத்தில் அவர் பத்து நிமிடம் வெளியேறியிருந்தால், கூடுதல் ஆட்டநேரத்தை இத்தாலி பத்துப் பேருடன் தொடங்கியிருக்கும். தன் எதிரில் அவர் இல்லாத அந்த இடைவெளியில் சாகா மறுபடியும் ஓடிப் பார்த்திருப்பார்.