டிராக் (drag) ரேஸில் காரைக் கிளப்புவது எப்படி?

காரைக்குடியிலிருந்து தினசரி ஓட்டும் காரையே டிராக் போட்டிக்குக் கொண்டுபோகும் தம்பிகளுக்கு: இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நேராகப் பாயும் இந்த 402 மீட்டர் ஓட்டத்தில் முதல் 60 அடியில் விட்டதைப் பிறகு பிடிப்பது கஷ்டம்.

பர்ன்அவுட்டுக்கு (டயரைச் சூடாக்க நின்ற இடத்திலேயே வீலைச் சுழற்றுவது) தண்ணீர் ஊற்றிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள். சாதாரண டயரின் பள்ளங்களில் தண்ணீர் தங்கி, கிளம்பும் கோட்டில் நிற்கும்போது சொட்டும், அப்புறம் வழுக்கும். நம்ம ஊர்ச் செம்மண் ஒட்டியிருந்தால் துணியால் துடைத்துவிட்டு, வீலை லேசாக ஒருமுறை சுழற்றினால் போதும்.

நம்மிடம் இருப்பது பெரும்பாலும் முன்வீல் இழுக்கும் கார்தான். கிளம்பும்போது எடை பின்னால் சாய்ந்து முன் டயர் பிடி விடும். பெட்ரோல் கார் என்றால் 2,500 ஆர்பிஎம் பக்கத்தில் ஆரம்பித்து, கிளட்ச் பிடிக்கும் இடத்தில் காலை ஒரு கணம் நிறுத்தி, பிறகு முழுதாக விடுங்கள். டயர் லேசாகக் கீச்சிடலாம். ஊளையிட்டால் கிளட்சைத் தொடாமல் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஏசி வேண்டாம்.

பச்சை விளக்குக்குப் பதறாதீர்கள். சக்கரம் கோட்டை விட்டு நகர்ந்த பிறகுதான் உங்கள் ஓட்ட நேரம் கணக்காகும். பக்கத்துக் காரை ஜெயிக்க நினைத்தால் அது வேறு கதை.

பழகுவதற்குத் திருச்சி ரோடு வேண்டாம், சாமி! கிளட்ச் வாடை வந்தால் அடுத்த வரிசையில் நிற்காமல் ஆறவிடுங்கள்.