அலுவலகத் துப்புரவு ஒப்பந்தம்: ஆளை எண்ணுவதற்கு முன் வேலையை அளங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புதிதாகத் துப்புரவு ஒப்பந்தம் எடுக்கிற நம் ஆட்கள் முதலில் கேட்பது "நாலு மாடிக் கட்டடம், எத்தனை பேர் போடலாம்?" என்றுதான். அந்தக் கேள்விக்குக் கடைசியில்தான் பதில் வரும்.

முதல் படி: நடந்து பாருங்கள்

விலை சொல்வதற்கு முன் கட்டடம் முழுக்க ஒரு நோட்டோடு நடங்கள். தரை கார்ப்பெட்டா டைல்ஸா, கழிப்பறையில் எத்தனை கோப்பை, எத்தனை பேசின், குப்பை எங்கே இறக்க வேண்டும், தண்ணீர்க் குழாய் எந்த மாடியில் இருக்கிறது என்று எல்லாம் எழுதுங்கள். குழாய் ஒரே மாடியில் இருந்தால், பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பதிலேயே தினமும் எவ்வளவு நேரம் போகும் பாருங்கள். டர்பனை ஒட்டிய கடலோரப் பகுதியான உம்லாங்கா பக்கம் என்றால் கண்ணாடியையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், கடற்காற்றின் உப்பு சீக்கிரமே படிந்துவிடும்.

இரண்டாம் படி: நிமிடமாக மாற்றுங்கள்

கழிப்பறைக்கு ஒரு கோப்பைக்கோ பேசினுக்கோ 3 நிமிடம் என்று தொடங்கலாம். மற்ற வேலைகளை ஒரு மாடியில் செய்ய வைத்துக் கடிகாரம் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், அடுத்தவர் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். மாடிக்கு 4 கோப்பை, 2 யூரினல், 3 பேசின் என்று வைத்துக்கொண்டால் 27 நிமிடம். மேசையும் குப்பைக்கூடையும் 50, வாக்குவம் 40, சின்ன சமையலறை 20. ஆக 137. நான்கு மாடிக்கு 548 நிமிடம், அதோடு வரவேற்பறை, படிக்கட்டு, பொருள் எடுத்து வைப்பது என்று 100 நிமிடம் சேர்த்தால் கிட்டத்தட்ட 11 மணி நேர வேலை. 4 மணி நேர ஷிப்ட்டுக்கு 3 பேர் போட்டால் 12 மணி நேரம் கிடைக்கும். மிஞ்சுகிற ஒரு மணி நேரத்தை வீண் என்று வெட்டாதீர்கள், யாராவது காபியைக் கொட்டுகிற நாளில் அதுதான் கைகொடுக்கும்.

மூன்றாம் படி: ஷிப்ட்டை டாக்ஸியைப் பார்த்து வையுங்கள்

ஊழியர்கள் பெரும்பாலும் பலர் சேர்ந்து போகும் மினிபஸ் டாக்ஸியில்தான் வருவார்கள், கடைசி டாக்ஸி போன பிறகு ஷிப்ட் முடிந்தால் ஒரே வாரத்தில் ஆள் நின்றுவிடும். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி மாலை 6 முதல் காலை 6 வரை இரவு வேலை. அதற்குக் கூடுதல் பணம் (அலவன்ஸ்) கொடுக்க வேண்டும், அல்லது வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும். வீடு திரும்ப வண்டியும் கிடைக்க வேண்டும். சாதாரண வேலை வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ஒப்பந்தத் துப்புரவுக்குத் தனியாக ஒரு பேரக் கவுன்சிலே (முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கூலியைப் பேசி முடிவு செய்யும் அமைப்பு) உண்டு, கூலி விகிதத்தை அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டு விலை போடுங்கள். அதை விட்டுவிட்டு விலை போட்டால் லாபமெல்லாம் காகிதத்தில்தான்.

நான்காம் படி: வேலையைப் பிரிப்பது

இரண்டு வழி இருக்கிறது. ஒருவருக்கு ஒரு மாடி முழுக்க என்று கொடுக்கலாம் (ஆளைவிட மாடி அதிகம் என்றால் மிஞ்சுகிற மாடியைப் பங்கு போட்டுக் கொடுங்கள்), அல்லது ஒருவர் கழிப்பறை, ஒருவர் வாக்குவம், ஒருவர் மேசை என்று எல்லா மாடியிலும் சுற்றவிடலாம். இரண்டாவதில் வேகம் அதிகம், ஒரே வாக்குவம் மெஷின் போதும், ஆனால் ஒருவரே தினமும் கழிப்பறை என்றால் மனக்கசப்பு வரும், அதனால் வாரா வாரம் மாற்றிவிடுங்கள். சின்னக் கட்டடத்துக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன், எந்த மாடி அழுக்கு என்றால் யாரைக் கேட்பது என்று உடனே தெரியும்.

ஐந்தாம் படி: செய்யும் முறை

மேலிருந்து கீழே, உலர்ந்ததிலிருந்து ஈரத்துக்கு, உள்மூலையிலிருந்து கதவு நோக்கி. இதை மாற்றினால் துடைத்த தரையில் தூசி விழும், அப்புறம் மறுபடி துடைக்க வேண்டும். துணிக்கு நிறம் வையுங்கள்: கழிப்பறைக்குச் சிவப்பு, பேசினுக்கு மஞ்சள், சமையலறைக்குப் பச்சை, மேசைக்கு நீலம். ஊழியர்களில் பலர் இசிசுலு (சூலு மொழி) பேசுபவர்களாக இருப்பார்கள், நீளமான ஆங்கிலத் தாளைவிட நிறமும் படமும் சீக்கிரம் புரியும். மைக்ரோஃபைபர் துணியை இரண்டு முறை மடித்தால் எட்டு முகம் கிடைக்கும், ஒவ்வொன்றாகத் திருப்பித் துடைக்கச் சொல்லுங்கள்.

கிருமிநாசினி தெளித்த உடனே துடைத்துவிடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. லேபிளில் 10 நிமிடம் ஊற வேண்டும் என்றிருந்தால் 10 நிமிடம் ஊறத்தான் வேண்டும், அதனால் கழிப்பறைக்குள் போனதும் முதலில் அதைத் தெளித்துவிட்டு, குப்பை எடுப்பது, டிஷ்யூ மாற்றுவது என்று மற்ற வேலையைப் பார்க்கலாம். ப்ளீச்சையும் ஆசிட் கலந்த டாய்லெட் க்ளீனரையும் ஒரே இடத்தில் ஊற்றினால் குளோரின் வாயு வரும், ப்ளீச்சோடு அம்மோனியா கலந்தாலும் நச்சு வாயுதான். ஊழியர் சேரும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். "தரை ஈரம்" என்ற எச்சரிக்கைப் பலகை வைக்காமல் மாப்பை நனைக்கவே கூடாது.

ஆறாம் படி: சோதனை

தினமும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு மாடி போதும்: கதவுக் கைப்பிடி, ஸ்விட்ச், கோப்பையின் பின்பக்கம், குப்பைக்கூடையின் அடி. குறை இருந்தால் அந்த மாடிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம். ஒரே குறை எல்லா மாடியிலும் வந்தால் ஆளைத் திட்டாமல் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள், அந்த வேலைக்கு நீங்கள் கொடுத்த நிமிடம் போதவில்லை.